மெய்டன் ரசிகனின் மற்ற கேசட்டுகள்

“நீ அயர்ன் மெய்டன் கேக்குற ஆளுல்லா, உனக்கு எப்பிடிடே வில்லடி பிடிக்கும்?” என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. வில்லடி என்றால் எங்கள் ஊர் வில்லுப்பாட்டு. கொயரில் கூடப் பாடுகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். கீர்த்தனையை இவ்வளவு ஆசையாகப் பாடுகிறவன் அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்கிறான் என்று. இரண்டு கேள்விக்குள்ளும் இருப்பது ஒரே நம்பிக்கைதான். ஒரு இசைக்குழுவின் மேல் ஒருவன் உயிரையே வைத்திருக்கிறான் என்றால், அவன் கேட்கிற மற்ற பாட்டும் அந்தக் குழுவின் சாயலில்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. நான் பழகிய நல்ல ரசிகர்கள் ஒருவர்கூட அப்படி இல்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அயர்ன் மெய்டன் 1975-ல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிட்டார்காரர் தொடங்கிய குழு. ஹெவி மெட்டல், அதாவது சத்தமும் வேகமும் கூடிய ராக். ஆல்பம் அட்டைகளில் எட்டி என்ற பிணம் போன்ற ஒரு உருவம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த அட்டையைப் பார்த்து எங்கள் வீட்டில் எழுந்த பேச்சை எழுத ஆரம்பித்தால் அது தனிப் பதிவாகிவிடும்.

எனக்கு மெய்டன் வந்தது பெரியம்மா மகன் அண்ணன் வழியாக. திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் விடுமுறைக்கு வரும்போது ஒரு டிடிகே 90 கேசட் கொண்டு வந்தான். ஒரு பக்கம் முழுக்க மெய்டன். மறுபக்கம் பெரியம்மாவுக்காகப் பதிந்த யேசுதாஸின் பழைய மலையாளப் பாடல்கள். 90 நிமிட கேசட்டில் பாதியைக் காலியாக விட யாருக்கு மனசு வரும்? எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறுபக்கத்துக்குப் போய்விடும். கடைசி மெய்டன் பாட்டின் டிரம்ஸ் அடங்கி, டேப்பின் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடி, ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, யேசுதாஸ் ஆரம்பிப்பார். அந்த இரைச்சல் ஓடும்போதே அடுத்த குரலுக்குக் காது தயாராகிவிடும். இன்றைக்கும் அந்த மெய்டன் பாட்டு முடிந்தால் எனக்குள் மலையாளம்தான் ஓடுகிறது.

அப்போது நாகர்கோவிலில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. நோட்டுத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் கேசட் கையில் வரும். மணிமேடைப் பக்கம் நாங்கள் போகும் கடையில், கொடுத்த லிஸ்ட்டுகளை ஒரு ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் அவற்றைப் படிப்பது எனக்குப் பெரிய ஆர்வம். ஒரே கையெழுத்தில், ஒரே தாளில், இளையராஜாவுக்கு அடுத்து போனி எம், அதற்கு அடுத்து சீர்காழியின் முருகன் பாட்டு, அப்புறம் ஒரு மலையாளப் பாட்டு. ஒரே வகையாக எழுதிய லிஸ்ட் ஏதாவது என் கண்ணில் பட்டதாக ஞாபகம் இல்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் திருவனந்தபுரம் வானொலியை யாரும் அணைத்துவிடவில்லை. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகள். தக்கலையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழு என்றால் உயிர். மெட்டாலிகா பாட்டு ஓடும்போது தலையை ஆட்டுகிற ஆட்டத்தில் கழுத்துக்கு என்ன ஆகுமோ என்று நமக்குப் பயம் வரும். அவரே வேட்டி கட்டிக்கொண்டு, கைதட்டக்கூட அனுமதியில்லாத அந்த மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

என் காது உருவானது சர்ச்சில். எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஒரே ஆராதனையில் பாமாலையும் பாடுவோம், கீர்த்தனையும் பாடுவோம். பாமாலை என்பது ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை. நாலு பார்ட்டாகப் பாட வேண்டும். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். கீர்த்தனை என்றால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த ராகம், தாளம், பல்லவி, சரணம். அதில் பார்ட் கிடையாது, எல்லோரும் ஒரே வரியில் சேர்ந்து போவோம். எட்டு வயதுப் பையனுக்கு இவை இரண்டு வேறு இசை மரபுகள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த பாட்டு நம்பர் என்ன என்றுதான் பார்ப்போம்.

மெய்டன் எனக்கு ஏன் பிடித்தது என்று பின்னாளில் யோசித்தபோது வந்து நின்ற பதில் இந்த பாமாலைதான். மெய்டனின் அடையாளமே இரட்டை கிட்டார். ஒரு கிட்டார் மெட்டை வாசிக்கும், இன்னொன்று அதே மெட்டை மூன்றாவது சுரம் தள்ளி கூடவே வாசித்துக்கொண்டு வரும். சத்தத்தையும் வேகத்தையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள், சொப்ரானோவும் ஆல்ட்டோவும் கைகோத்து நடக்கிற அதே நடை. எங்கள் கொயர் மாஸ்டர் சோல்ஃபா (டோ-ரே-மி சுர எழுத்து) எழுதிப் போட்டு, “மேல இருக்கவன் கீழ இருக்கவனக் கேட்டுப் பாடணும் மக்ளே, கேக்காமப் பாடுனா அது சண்ட” என்பார். மெய்டனின் கிட்டார்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பவர்கள். முதல்முறை கேட்டபோதே அது எனக்குப் பழகிய இடமாக இருந்தது. மெட்டல் என்ற வகையின் மேல் எனக்கு அன்று எந்த ஆசையும் இல்லை. அந்த இரண்டு வரிகள் சேர்ந்து போகிற அழகுக்காகத்தான் கேட்டேன்.

2007 மார்ச் 17-ல் மெய்டன் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தார்கள். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். நாகர்கோவிலில் இருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். கறுப்பு டீ-ஷர்ட், அதில் எட்டி. திருவனந்தபுரத்தில் இன்னொரு கூட்டம் அதே டீ-ஷர்ட்டில் ஏறியது. பெயர் கேட்கும் முன்பே சிநேகமாகிவிட்டோம். அந்த ராத்திரி அந்தப் பெட்டியில் பாடிய பாட்டுகளை யாராவது பதிவு செய்திருந்தால், கேட்பவர் இது எந்தக் குழுவின் ரசிகர்கள் என்று ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார். பழைய மலையாளப் பாட்டு, இளையராஜா, எஸ்.பி.பி., ஒரு ஐயப்பன் பாட்டு. கொல்லத்தில் இருந்து வந்த ஒருவர் கஜல் பாடினார். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்து, “அந்த முதல்ல பாடுனத இன்னொருக்கா பாடு மோனே” என்றார்.

மெய்டன் பாட்டும் வந்தது. ஆனால் யாரும் வார்த்தையைப் பாடவில்லை. கிட்டாரை வாயால் பாடினோம். திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் மேல் வரியை எடுத்தார், நான் கீழ் வரியை எடுத்தேன். அவர் வீட்டில் அம்மா வீணை கற்றுக் கொடுக்கிறவர், அவர் பிடித்த சுரத்தில் எல்லாம் ஒரு சின்ன அசைவு இருந்தது. நான் சோல்ஃபாவில் பழகியவன், என் சுரங்கள் நேராக நின்றன. இரண்டும் ஒட்டவில்லை. “நீங்க அசைக்காமப் பிடிங்க” என்றேன். “நீ கொஞ்சம் அசைச்சுப் பிடி” என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பாட்டின் நடுவில் அசையலாம், வரியின் கடைசிச் சுரத்தில் நிற்க வேண்டும். பாலக்காடு தாண்டும் வரை அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தோம். மறுநாள் மேடையில் அந்தப் பாட்டை அவர்கள் வாசித்தார்களா என்பது எனக்கு முக்கியமாகவே இல்லை.

அந்தத் திருவனந்தபுரத்துக் கூட்டத்தில் இருந்த ஒருவர்தான் அவியல் குழுவை எனக்குச் சொன்னது. 2003-ல் அங்கே தொடங்கிய மலையாள ராக் குழு. மறு வருடம் அவர்களின் ஆல்பம் வந்தது. நாட்டுப்பாட்டு வரிகளும் எலக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து வரும். எதை எல்லாம் கேட்டு வளர்ந்தார்களோ அதில் ஒன்றைக்கூட அவர்கள் ஒளித்து வைக்கவில்லை என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

சரி, வில்லடிக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் ஒரு வயல். வயலுக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மன் கோயில். கொடை, அதாவது கோயில் திருவிழா, வந்தால் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டுத் திண்ணையைப் பார்த்துதான் இருக்கும். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. கிறிஸ்தவ வீட்டுப் பையன் அங்கே போய் உட்காரக் கூடாது என்பது எங்கள் பாட்டியின் கட்டளை. “இங்கன இருந்தே கேட்டாப் போரும், அங்க போகப்பிடாது.” 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரம் மாவட்டத்தில் விட்டுப்போன பயம் பாட்டி வயதுக்காரர்களின் பேச்சில் எப்போதும் இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பாட்டி ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பித்தான் படுத்திருப்பார். கதையில் ஒரு இடம் புரியவில்லை என்றால் மறுநாள் பால் ஊற்ற வரும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பெரியவனான பிறகு நேரில் போய் உட்கார்ந்தேன். நீண்ட வில், அதில் தொங்கும் மணிகள், நாணை அடிக்கிற வீசுகோல், குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கும் ஆழமான சத்தம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. புலவர் பாடிக்கொண்டே வந்து சட்டென்று பாட்டை நிறுத்திப் பேச்சில் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். பேச்சு மெல்ல ஏறி ஏறி, எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று தெரியாமல் மாறிவிடும். சாமி வரும் நேரத்துக்கு வில், குடம், உடுக்கை எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாக ஓடும். நெஞ்சுக்குள் அடிக்கும்.

மெய்டனின் 1984 ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 13 நிமிடத்துக்கும் மேலே போகும். கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞரின் 1798-ம் வருடத்துக் கவிதையை எடுத்துச் செய்தது. ஒரு மாலுமி காரணமே இல்லாமல் ஒரு கடல் பறவையைக் கொல்கிறான். சாபம் பிடிக்கிறது. கப்பலில் இருக்கும் மற்றவர்கள் செத்து விழுகிறார்கள். அவன் மட்டும் மிஞ்சி, போகிற ஊரிலெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற விதியோடு திரிகிறான். பாட்டின் நடுவில் கிட்டார் எல்லாம் அடங்கி, கப்பல் பலகைகள் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது ஒரு குரல் கவிதை வரிகளைப் பேசும். பிறகு பேஸ் மெல்ல ஆரம்பித்து, டிரம்ஸ் சேர்ந்து, ஏறி, பழைய வேகத்துக்கு வந்துவிடும். அநியாயமாகப் போன ஒரு உயிர், அதனால் வந்த சாபம், அதைச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு வாய். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் கேட்டு வளர்ந்தவனுக்கு 13 நிமிடம் நீளமே இல்லை. முத்துப்பட்டன் கதையில் பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் சாகிறான். பிறகு தெய்வமாகிறான். அதைப் பாடி முடிக்க ராத்திரி போதாது.

இப்படி ஒரு கண்ணியைக் கண்டுபிடிக்கும்போது மனசு துள்ளுகிறது, உண்மை. ஆனால் எல்லா ரசனைக்கும் இப்படி ஒரு கண்ணி இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தக்கலை நண்பருக்கு பி. சுசீலா என்றால் கண் கலங்கும். மெட்டாலிகாவுக்கும் சுசீலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்து ஏதோ ஒரு விளக்கத்தோடு போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு சம்பந்தமும் இல்ல மக்கா. சம்பந்தம் எதுக்கு?” என்றார். அவர் சொன்னது சரி. ஒருவன் ஒரு குழுவை நேசிக்கிறான் என்பதற்காக மற்ற நேரமெல்லாம் அந்தக் குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

இசைக்கலைஞர்களே அப்படிக் கணக்குக் காட்டுவதில்லை. மெட்டாலிகா 1983 முதல் தங்கள் கச்சேரிகளை என்னியோ மோரிக்கோனேவின் சினிமா இசையைப் போட்டுத்தான் தொடங்கிவருகிறார்கள். 1966-ல் வந்த ஒரு கவ்பாய் படத்துக்காக அவர் செய்தது. ஸ்டீவ் ஹாரிஸுக்கு ஜெத்ரோ டல், ஜெனிசிஸ் மாதிரியான குழுக்கள்தான் ஆதர்சம். ஜெத்ரோ டல்லில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு பாடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவரிடம் இருந்து வந்தது மெய்டன். 1977 ஜூலையில், வேகமும் கோபமுமான பங்க் இசையின் முகமாக இருந்த ஜானி ராட்டனை லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போடச் சொன்னார்கள். அவர் போட்டது ஜமைக்காவின் ரெகே, நீல் யங், பீட்டர் ஹாமில் போன்ற ராக் பாடகர்கள். பங்க் ரசிகர்கள் எதைக் கேட்கவே கூடாது என்று ஊர் நினைத்ததோ அதுவும் அதில் இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் ராக்ஸி கிளப்பின் கதை. 1976 கடைசியில் தொடங்கிய பங்க் கிளப் அது. டான் லெட்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அங்கே டிஜே. அப்போது பங்க் ரெக்கார்டுகளே அதிகம் வெளிவந்திருக்கவில்லை. என்ன செய்வார்? தன்னிடம் இருந்த ரெகே ரெக்கார்டுகளையும், அதன் இன்னொரு வடிவமான டப் ரெக்கார்டுகளையும் போட்டார். வேகமான, கோபமான பாட்டுக்காக வந்த கூட்டம், குழு மாறும் இடைவெளியில் ஜமைக்காவின் நிதானமான பேஸ் சத்தத்தில் ஊறியது. அடுத்த வருடமே தி கிளாஷ் என்ற பங்க் குழு ஒரு ரெகே பாட்டைத் தங்கள் முதல் ஆல்பத்தில் பாடியது. இதைக் கேள்விப்பட்டு பாப் மார்லி பங்க்கையும் ரெகேயையும் சேர்த்து ஒரு பாட்டே செய்தார். ரசிகர்களின் காது விரிந்தால் அடுத்து வரும் இசையும் விரிகிறது. குழுவைப் போலவே ரசிகனும் இருக்க வேண்டும் என்று யாராவது அந்தக் கிளப்பின் வாசலில் நின்று சோதித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

மெட்டல் கேட்பவர்களும் மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்பவர்களும் குணத்தில் ரொம்பவும் ஒத்துப்போகிறார்கள் என்று ஒரு ஆய்வு 2008-ல் வந்தது. எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் நார்த் 36,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுச் செய்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பெத்தனி பிரைசன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1996-ல் எழுதிய கட்டுரை. படிப்பு கூடக் கூட மக்கள் ஒதுக்கும் இசை வகைகள் குறைகின்றன என்கிறார். ஆனால் அப்படிப் பரந்த காது படைத்தவர்களும் சிலவற்றை விடாமல் ஒதுக்குகிறார்கள். எவற்றை என்று பார்த்தால், குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்கும் இசையை. ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பெல்.

இதைப் படித்த நாளில் எனக்கு நாகர்கோவில்தான் கண்முன் வந்தது. “நான் எல்லாம் கேப்பேன், ஜாஸ், மெட்டல், கர்நாடிக், இந்துஸ்தானி. இந்த வில்லடியும் நையாண்டி மேளமும் மட்டும் சகிக்காது” என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நன்றாகப் படித்தவர்கள், நல்ல ரசிகர்கள், என் நண்பர்கள். அந்த “மட்டும்” எங்கே விழுகிறது பாருங்கள். யார் வாசிக்கிறார்கள், எந்தத் தெருக் கோயில், யார் வீட்டுக் கல்யாணம் என்பதைக் காதுக்கு முன்பே வேறு எதுவோ முடிவு செய்துவிடுகிறது. பத்து நாட்டு இசை கேட்கிறேன் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தன் ஊரில் எந்த இசையைக் கேட்டால் ஜன்னலை அடைக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். பிடிக்காமல் போகலாம், அது அவரவர் காது. ஆனால் பக்கத்தில் போய் ஒருநாள் உட்கார்ந்து கேட்ட பிறகு சொல்லட்டும். அது கலைஞர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

என் தங்கை மகளுக்கு பிடிஎஸ் என்ற கொரியப் பாப் குழு தவிர வேறு பேச்சு கிடையாது. சுவர் முழுக்க அவர்கள்தான். அந்தக் குழுவில் சுகா என்பவர் 2020-ல் தனியாக ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். அதில் கொரிய அரசர்களின் ஊர்வல இசையை எடுத்துச் சேர்த்திருப்பார். அதில் வரும் டேப்யோங்சோ என்ற குழல் நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவது. “மாமா, இது நம்ம கொடைக்கு ஊதுறது மாதிரில்லா இருக்கு?” என்று ஓடி வந்தாள். போன சித்திரையில் அவளை வயல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் தடுப்பதில்லை.

நையாண்டி மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். நாதஸ்வரக்காரரிடம் அவளே போய்ப் பேசினாள். அவர் குழலில் இருந்து சீவாளியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். நாணல் தட்டை, நுனி ஈரமாக இருந்தது. அதை மட்டும் வாயில் வைத்து ஊதிக் காட்டினார், கீச்சென்று ஒரு சத்தம். பிறகு நீ என்ன கேப்ப மக்ளே என்றார். அவள் இயர்போனை நீட்டினாள். கொரியக் குழல் வந்ததும் நிமிர்ந்தார். “சீவாளிதான். நம்மள விடச் சின்னக் குழல். ஆளு மூச்சு விடாம ஊதுகான்” என்றார். தவில்காரரைக் கூப்பிட்டு மறு இயர்போனைக் கொடுத்தார். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, கொட்டு ரொம்பச் சாவகாசமாகப் போகிறது, இதற்கு இன்னும் ஒரு மடங்கு ஓட்டம் கொடுக்கலாம் என்றார். குழலுக்கு அந்த நடைதான் சரி என்று நாதஸ்வரக்காரர் மறுத்தார். அவர்கள் வாக்குவாதம் முடியும் முன்பே பூசாரி கூப்பிட்டுவிட்டார். பாட்டை அனுப்பித் தா மக்ளே என்று போன் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் நாதஸ்வரக்காரர் எழுந்து போனார்.